குடல் அழற்சி நோய்: ஜவ்வரிசிக் கஞ்சி மட்டும் போதுமா?

வயிற்றுப்போக்கு என்றால் சேலம், நாமக்கல் பகுதி வீடுகளில் முதலில் அடுப்பில் ஏறுவது ஜவ்வரிசிக் கஞ்சி. ஓரிரு நாள் பேதிக்கு அது சரிதான். ஆனால் கிரோன் நோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எனும் நாள்பட்ட குடல் அழற்சி உள்ளவர்களை மாதக்கணக்கில் கஞ்சியிலேயே வைத்திருந்தால், நோயைவிடப் பட்டினியே அவர்களை அதிகம் வாட்டிவிடும்.

ஏன் மெலிகிறார்கள்?

புண்ணான குடல் சத்துகளைச் சரியாக உறிஞ்சாது. மலத்தோடு இரத்தமும் புரதமும் வெளியேறும். வலிக்குப் பயந்து சாப்பாடும் குறையும். ஜவ்வரிசியில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்துதான். புரதம் இல்லை என்றே சொல்லலாம்.

எவ்வளவு புரதம் தேவை?

நோய் தீவிரமாக இருக்கும்போது, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை தேவை. 50 கிலோ எடையுள்ளவருக்கு இது 60 முதல் 75 கிராம். நாமக்கல் முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம் இருக்கிறது. அவித்த முட்டை, முள் நீக்கிய மீன், தோல் நீக்கிய கோழி, குழைந்த பருப்பு, தயிர் ஆகியவற்றைச் சிறிது சிறிதாக ஐந்தாறு வேளைகளில் கொடுக்கலாம். குடல் சுருங்கியிருந்தால் கீரைத் தண்டு, கொய்யா விதை, நார் மிகுந்த பழங்களைத் தவிர்க்க வேண்டும். நோய் அடங்கியதும் காய்கறி, பழங்களைப் படிப்படியாகச் சேர்க்கலாம்.

இரும்புச்சத்து, வைட்டமின் பி12, வைட்டமின் டி அளவுகளையும் பரிசோதிப்பது நல்லது. ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு எலும்பு பலவீனமாகும் என்பதால் கால்சியமும் முக்கியம்.

நோன்பு நாட்களில்

நோயாளிகள் நோன்பை விட்டு, பிறகு வேறு நாட்களில் நோற்கத் திருக்குர்ஆன் (2:184, 185) சலுகை தருகிறது. நோய் தீவிரமாக உள்ளவர்கள் அந்தச் சலுகையை ஏற்பதில் தயங்க வேண்டாம். மருத்துவர் அனுமதித்து நோன்பு வைப்பவர்கள், இஃப்தாரில் வடை, சமோசாவைத் தவிர்த்து, காரம் குறைந்த நோன்புக் கஞ்சியோடு முட்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டியவை

மலத்தில் இரத்தம் வந்தாலே மூலம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. நம் நாட்டில் குடல் காசநோயும் கிரோன் நோயைப் போலவே தோன்றும்; பரிசோதிக்காமல் தரும் ஸ்டீராய்டு காசநோயை முற்றச் செய்துவிடும். உணவு மருந்துக்குத் துணைதான், மாற்று அல்ல. மாதம் ஒருமுறை எடை பாருங்கள். குறைந்துகொண்டே போனால் குடல் மருத்துவரைச் சந்திக்கத் தாமதிக்காதீர்கள்.