தடுப்பூசியும் தோள் நோவும்

இலங்கையில் 1993ஆம் ஆண்டுக்குப் பின் இளம்பிள்ளைவாதம் எவரையும் பீடிக்கவில்லை. இது தடுப்பு மருந்தின் பெரும்பேறு. ஆயினும் ஊசி இடும் கை சிறிது தவறினால், மருந்து அன்றி ஊசியே தீங்கு செய்வதும் உண்டு.

மேற்கைத் தசையில் இடவேண்டிய ஊசியை மிக உயரத்தில் இட்டால், தோள்மூட்டை அடுத்த மென்பையில் மருந்து புகுந்து அழற்சி உண்டாகும். சாதாரண நோவு சில நாட்களில் தணியும். இந்நோவோ பல மாதம் நீடித்துக் கையை உயர்த்தவிடாது. நாவிதன்வெளியில் நெல் மூடை சுமந்து பிழைப்பவருக்குத் தோள் முடங்கினால், வருவாயும் முடங்கும். அவர் ஈடு பெறுவது எங்ஙனம்?

அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கெனத் தனி ஈட்டுத் திட்டம் அமைத்தது. 2017இல் தோட்காயமும் அதன் அட்டவணையில் சேர்ந்தது. ஊசி இட்ட 48 மணி நேரத்துள் நோவு தொடங்கியிருத்தல் வேண்டும். எவருடைய தவறையும் நிரூபிக்க வேண்டுவதில்லை. பிரித்தானியாவின் 1979ஆம் ஆண்டுச் சட்டமோ 60 வீத ஊனத்தை வேண்டுவதால், தோள்நோவு அதன் எல்லைக்குள் வருவது அரிது.

இலங்கையில் பாதிக்கப்பட்டோர் செல்லும் வழி நீதிமன்ற வழியே. உரோமன் டச்சுச் சட்டப்படி கவனக்குறைவு, நட்டம், இரண்டையும் பிணைக்கும் காரணத் தொடர்பு ஆகிய மூன்றையும் வழக்காளி நிறுவுதல் வேண்டும். மூன்றாவதே கடினம். பேராசிரியர் பிரியானி சொய்சா மீதான மருத்துவக் கவனக்குறைவு வழக்கு, காரணத் தொடர்பு நிறுவப்படாமையால் 2001இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றது.

ஆகவே சான்றுகளைத் தொடக்கத்திலேயே திரட்டல் வேண்டும். ஊசி இட்ட நாள், இடம், எந்தக் கை என்பவற்றைக் குறித்து, தடுப்பூசி அட்டையைப் பேணுதல் வேண்டும். நோவு தொடங்கியதும் வைத்தியரிடம் சென்று, அது தொடங்கிய நேரத்தைப் பதிவு செய்விப்பது நன்று. சுகாதார வைத்திய அதிகாரிக்கும் அறிவித்தல் வேண்டும். பிறருக்கு இத்தவறு நேராதிருக்க அது உதவும்.

காலமும் காத்திராது. 1871ஆம் ஆண்டுக் காலவதிக் கட்டளைச் சட்டப்படி இரண்டாண்டுக்குள் வழக்கிடல் வேண்டும். அரசாங்கத்தின் மீதாயின், வழக்கிடுமுன் ஒரு மாத அறிவித்தலும் கொடுத்தல் வேண்டும். ஆதலின் இரண்டாம் ஆண்டின் இறுதிவரை காத்திருப்பது ஆபத்தாகும். பொருள் வசதியற்றோர் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

நட்டஈடு கேட்பது தடுப்பூசியைப் பகைப்பது ஆகாது. ஊர் முழுவதன் நலத்துக்காகக் கை நீட்டியவர் தனியே துன்புறலாகாது என்பதே அக்கோரிக்கையின் நியாயம்.