வைக்கோலிலிருந்து பெட்ரோலா? கொள்கையை நீங்களே படிக்கலாம்

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. பாட்டு, படம், மெயில் தவிர வேறென்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு ஒரு நல்ல பயிற்சி இதோ: உங்கள் நிலத்தைத் தொடும் அரசு ஆவணம் ஒன்றை நீங்களே இறக்கிப் படித்துப் பாருங்கள்.

திருவாடானைப் பக்கம் மழையை நம்பி நெல் விளைகிறது. தரிசில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. வைக்கோலும் விறகும் வண்டிக்கு எரிபொருளாகுமா? ஆகும். காற்றைக் குறைத்துச் சூடாக்கினால் இவை வாயுவாக மாறும். அந்த வாயுவை வினையூக்கியின் மேல் செலுத்தினால் டீசல் போன்ற திரவம் கிடைக்கும். 1920-களில் ஜெர்மனியில் நிலக்கரிக்காகக் கண்டுபிடித்த முறை இது. வைக்கோலைப் பக்குவப்படுத்தி நொதிக்க வைத்து எத்தனால் எடுப்பது இன்னொரு வழி. பானிப்பட்டில் இந்தியன் ஆயில் அமைத்த இத்தகைய ஆலை 2022 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. செலவு அதிகம் என்பதால் அரசு ஆதரவு இல்லாமல் இவை நடக்காது. அந்த ஆதரவைச் சொல்வதுதான் 2018-ல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை.

சர்ச் பெட்டியில் 'நேஷனல் பாலிசி ஆன் பயோஃப்யூல்ஸ் 2018' என்று ஆங்கிலத்தில் டைப் செய்திடவும். வரும் முடிவுகளில் பெட்ரோலிய அமைச்சகத்தின் பி.டி.எஃப். பைலைத் தேர்ந்தெடுக்கவும். பைல் திறந்ததும் கண்ட்ரோல் கீயுடன் எஃப் கீயை அழுத்தினால் தேடும் கட்டம் வரும். (ஸ்கேன் செய்த பைல் என்றால் இந்தத் தேடல் வேலை செய்யாது, வேறு பிரதியைத் திறந்து பாருங்கள்.)

முதலில் 'இன்டிகேட்டிவ்' என்ற சொல்லைத் தேடவும். 2030-க்குள் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால், டீசலில் 5 சதவீத பயோடீசல் என்ற இலக்கின் முன்னால் அது நிற்கும். 'உத்தேச' என்று பொருள். அதாவது இது உத்தரவாதம் அல்ல.

இந்தச் சொல் ஏன் முக்கியம்? 2003-ல் திட்டக் கமிஷன் குழு காட்டாமணக்கைப் பரிந்துரைத்தது. 2009 கொள்கை, 2017-க்குள் டீசலிலும் 20 சதவீதம் என்றது. 2017-ல் கலப்பு 1 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. எத்தனாலுக்கோ 2014 முதல் அரசே விலை நிர்ணயித்தது; எண்ணெய் நிறுவனங்கள் வாங்கின. இலக்கு ஆண்டும் 2022-ல் 2025-26 ஆக முன்னுக்கு வந்தது. 20 சதவீதத்தை எட்டிவிட்டதாக 2025-ல் அரசு அறிவித்தது. இலக்கு இரண்டுக்கும் இருந்தது; விலையும் வாங்குபவரும் ஒன்றுக்குத்தான் உறுதியாக இருந்தன.

அடுத்து பணம். 2018-ல் வைக்கோல் எத்தனால் ஆலைகளுக்கு 6 ஆண்டுகளில் 5,000 கோடி ரூபாய் என்று பேசப்பட்டது. 2019-ல் ஜீ-வன் திட்டத்துக்கு ஒப்புதலான தொகை 1,969.50 கோடி. எனவே கொள்கையோடு நிறுத்தாமல், அதற்கான திட்ட அறிவிப்பையும் தேடிப் படிக்கவும்.

நாளை ஒருவர் கன்றுகளோடு வந்து, "நட்டு வையுங்கள், விளைந்ததை அரசே வாங்கிக்கொள்ளும்" என்று சொல்லலாம். கம்ப்யூட்டரைத் திறந்து, "எந்தப் பக்கத்தில் இருக்கிறது, காட்டுங்கள்" என்று கேளுங்கள். பணம் கொடுப்பதை அதன்பின் யோசிக்கலாம்.