துப்பாக்கி தூக்காத அமைதிப்படை: பெண்கள் ஏன் குறைவு?

ஐ.நா. அமைதிப்படைன்னு சொன்னாலே நீல ஹெல்மெட் போட்ட வீரர்தான் நினைவுக்கு வருவார். ஆனால் அந்த முகாம்களில் சீருடை இல்லாமலும் ஆயிரக்கணக்கானோர் வேலை பார்க்கிறார்கள்: கணக்காளர், டிரைவர், மொழிபெயர்ப்பாளர், வழக்கறிஞர், ரேடியோ டெக்னீஷியன். தேவதானப்பட்டியில் பி.காம். முடித்து, தேவையான அனுபவமும் உள்ள ஒருவர்கூட இதற்கு விண்ணப்பிக்கலாம்.

யார் இந்த சிவில் ஊழியர்கள்?

மூன்று வகை. வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள், அந்தந்த நாட்டிலேயே எடுக்கப்படுகிறவர்கள், ஐ.நா. தன்னார்வலர்கள். இதில் உள்ளூர்க்காரர்கள்தான் அதிகம். ஊரும் மொழியும் தெரிந்தவர்கள் அவர்கள்தானே!

பன்முகத்தன்மை எதற்கு?

வன்முறைக்கு ஆளான ஒரு பெண், தன் கதையை ஆண் மொழிபெயர்ப்பாளர் முன்னால் சொல்லத் தயங்குவார். அவர் சொல்லாவிட்டால் புகாரே பதிவாகாது. 2000-ல் ஐ.நா. பாதுகாப்பு சபை கொண்டுவந்த 1325-வது தீர்மானம், அமைதிப் பணிகளில் பெண்களின் பங்கு கூட வேண்டும் என்றது. அது எந்த அளவுக்கு நடந்தது என்று 2015-ல் வந்த உலகளாவிய ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர், இலங்கைத் தமிழரான ராதிகா குமாரசுவாமி.

எங்கே சிக்கல்?

2028-க்குள் எல்லா நிலையிலும் ஆண், பெண் சமம் என்று 2017-ல் ஐ.நா. இலக்கு வைத்தது. அமைதிப்படை முகாம்கள் இன்னும் அதை எட்டவில்லை. காரணம் எளிது. ஆபத்தான பல இடங்களுக்குக் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. குழந்தையை ஊரில் விட்டுட்டு வருஷக்கணக்கில் போவது யாருக்குமே கஷ்டம். பெண்களுக்கு வீட்டில் ‘சரி’ வாங்குவதே இன்னொரு போராட்டம்.

இப்போது நிதி நெருக்கடியும் சேர்ந்துவிட்டது. ஒன்பது முகாம்களில் படையினரில் சுமார் 25 சதவீதத்தைக் குறைப்பதாக 2025 அக்டோபரில் ஐ.நா. அறிவித்தது. சிவில் வேலைகளும் இதில் குறையும். ஆளைக் குறைக்கும்போது யார் வெளியேறுகிறார்கள் என்பதைப் பொறுத்தே, இதுவரை கிடைத்த முன்னேற்றம் நிற்குமா என்பது தெரியும்.

விண்ணப்பிக்கிறீங்களா?

ஐ.நா.வின் அதிகாரப்பூர்வ வேலைவாய்ப்புத் தளத்திலும், ஐ.நா. தன்னார்வலர் தளத்திலும் மட்டும் பாருங்கள். ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் தெரிந்தால் கூடுதல் பலம். விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி என எந்தக் கட்டத்திலும் ஐ.நா. பணம் கேட்காது. ‘பீஸ் கட்டுங்க, வேலை கன்ஃபார்ம்’ என்று யாராவது சொன்னால், அது மோசடிதான்.