தவறான பெயர் தாங்கிய கிருமி

ஹீமோபிலஸ் இன்ஃபுளுவென்சா என்னும் நுண்கிருமியின் பெயரைக் கேட்போர், ஃபுளூக் காய்ச்சலை உண்டாக்குவது இதுவே என எண்ணக்கூடும். அஃது உண்மையன்று. ஃபுளூக் காய்ச்சல் உலகெங்கும் பரவியிருந்த காலத்தில், 1892ஆம் ஆண்டு, ஜெர்மானிய அறிஞர் ரிச்சர்ட் ஃபைஃபர் நோயாளிகளின் சளியில் இக்கிருமியைக் கண்டு, காய்ச்சலுக்குக் காரணம் இதுவே என்று அறிவித்தார். 1933இல் உண்மையான காரணமாகிய வைரசு இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது. எனினும் பழைய பெயர் நிலைத்துவிட்டது.

பெயர் எதுவாயினும் என்ன என்று விட்டுவிடுவதற்கில்லை. சாதாரணச் சளிக்காய்ச்சலுக்கு ஊசி எதற்கு என்று கேட்கும் தாய்மார் இன்றும் நம்மிடையே உளர்.

இக்கிருமியுள் பலவகை உண்டு. நலமாயுள்ளோரின் மூக்கிலும் தொண்டையிலும் தீங்கின்றி வாழ்வனவும், காதுவலி தருவனவும் பல. அவற்றுள் கொடியது 'பி' வகை. ஒருவகைச் சர்க்கரைப் பொருளாலான உறையை அது போர்த்திக்கொண்டுள்ளது. கைக்குழந்தையின் உடல் அவ்வுறையைப் பகையென்று அடையாளங்காண அறியாது. ஆகவே கிருமி குருதியில் கலந்து, மூளையை மூடியுள்ள சவ்வைத் தாக்குகிறது. சில வேளைகளில் நுரையீரலையோ தொண்டையையோ தாக்குகிறது. பிழைக்கும் குழந்தைகளிலும் சிலர் செவிப்புலனை இழந்துவிடுகின்றனர்.

கடுங்காய்ச்சல், வாந்தி, பால் குடிக்க மறுத்தல், எழுப்பினாலும் எழாத மயக்கம், உச்சிக்குழி புடைத்தல், வலிப்பு, சற்று வளர்ந்த பிள்ளையாயின் கழுத்து விறைத்தல் ஆகியவை மூளைச்சவ்வு நோயின் அறிகுறிகள். மூச்சுத் திணறி, எச்சில் விழுங்க இயலாமல் வடியவிட்டு, முன்புறம் சாய்ந்து அமர்ந்திருக்கும் குழந்தைக்குத் தொண்டை அடைத்துக்கொண்டிருக்கலாம்; அதன் வாயைத் திறந்து பார்க்க முயலலாகாது. சன்னி என்று கருதி மந்திரிக்கவும் திருநீறு பூசவும் நேரம் போக்காமல், இரவாயினும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். திருநீற்றைப் போகும் வழியிலேயே பூசிக்கொள்ளலாம்.

இதற்கான தடுப்பூசி அறிவு நுட்பம் மிக்கது. அந்தச் சர்க்கரை உறையின் துணுக்கைப் புரதம் ஒன்றுடன் பிணைத்துச் செலுத்துகின்றனர். புரதத்தை எதிர்க்கும் உடல், அதனுடன் ஒட்டிவந்த உறையையும் அடையாளங்கண்டு நினைவில் வைத்துக்கொள்கிறது. மலேசியாவில் 2002 முதல் இது தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. தமிழ்நாடும் கேரளமும் 2011 டிசம்பரில் இதனைத் தொடங்கின.

இரண்டு, மூன்று, ஐந்தாம் மாதங்களிலும், பின்னர் பதினெட்டாம் மாதத்திலும் குழந்தைக்கு ஊசி போடப்படுகிறது. இவற்றுள் விட்டுப்போகக்கூடியது கடைசி ஊசியே. பிள்ளை ஓடியாடத் தொடங்கிவிட்டான். தாயும் வேலைக்குத் திரும்பிவிட்டாள். குடும்பம் தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபெயர்ந்தும் இருக்கலாம்.

மாணவர்களே, ஐந்து வயதைக் கடந்த உங்களை இந்நோய் பெரும்பாலும் அணுகாது. ஆயினும் உங்கள் இருமலாலும் தும்மலாலும் கிருமி வீட்டிலுள்ள தம்பி தங்கையைச் சென்றடையலாம். இன்று வீடு சென்றதும் அவர்களின் சுகாதாரப் பதிவேட்டை எடுத்து, பதினெட்டாம் மாதக் கட்டம் நிரப்பப்பட்டுள்ளதா என்று பாருங்கள். வெறுமையாக இருப்பின் அம்மாவிடம் காட்டுங்கள். பதிவேடு தொலைந்திருந்தாலும் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிலுள்ள தாதியரிடம் கேட்கலாம்.