மதில் இல்லாத கோட்டை

சென்னையில் சாந்தோம் பேராலயத்தின் எதிரில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவருக்கு, பழைய கோட்டை நகரம் ஒன்றில் நிற்கிறோம் என்ற எண்ணமே வராது. மதில் இல்லை, கொத்தளம் இல்லை. ஆனால் 1639-இல் ஆங்கிலேயர் இங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் வடக்கே இடம் பெற்றபோது, இந்தக் கரையில் பேர்பெற்ற ஐரோப்பியக் குடியிருப்பு போர்த்துகீசியரின் சாந்தோம்தான்.

1520-களில் வந்து குடியேறியவர்களின் ஊர் அது. 1662-இல் கோல்கொண்டா படை அதைப் பிடித்தது. 1672-இல் பிரெஞ்சுக்காரர்கள் கைப்பற்றி, ஈராண்டு முற்றுகைக்குத் தாக்குப்பிடித்து, 1674-இல் இழந்தார்கள். 1697-இல் முகலாயர் ஆட்சியில் மதில்களை இடித்துத் தள்ளினார்கள்.

இடித்த மதிலை எப்படித் தேடுவது? பழைய செங்கல்லையும் கல்லையும் யாரும் சும்மா விடமாட்டார்கள். அடித்தளம் வரை பெயர்த்துக்கொண்டு போய் வீடு கட்டுவார்கள். மிஞ்சுவது அஸ்திவாரக் குழி மட்டும். அதில் உடைசல் செங்கல், காரைத் தூள், ஓட்டுச் சில்லு, அள்ளிப் போட்ட மண் எல்லாம் நிரம்பும். பின்னாளில் அங்கே அகழ்ந்தால், அகழ்வுக் குழியின் பக்கவாட்டில் ஒரே நிறமாய் இறுகிக் கிடக்கும் மண்ணுக்கு நடுவே, வேறு நிறத்தில், கொல்லறு பட்டதும் பொலபொலவென்று உதிரும் பட்டை ஒன்று தெரியும். மதில் நின்ற தடம் அது. அகலத்தை அளந்தால் மதிலின் பருமனைக்கூட ஓரளவு சொல்லிவிடலாம்.

சாந்தோமின் மண் இன்னும் பழைய கதை வைத்திருக்கிறது. போர்த்துகீசியருக்கு முன்னால் கபாலீசுவரர் கோயில் இந்தக் கடலோரத்தில் இருந்தது என்பார்கள். இப்போதைய கோயில் பிற்காலத்தில் எழுந்தது. சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகள் சாந்தோமிலேயே கிடைத்திருக்கின்றன. அப்படி ஒரு துண்டைப் பார்க்கும்போது, வாக்கியம் பாதியில் அறுந்து நிற்பதுதான் எனக்கு நெஞ்சில் தைக்கும். கல்லை வேறு கட்டடத்துக்காக அளந்து உடைத்த கை, எழுத்தைப் பார்க்கவில்லை.

கோட்டை ஊரின் எல்லையைப் பெயர்களிலும் தேடலாம். பக்கத்து மயிலாப்பூரில் நாள்தோறும் ‘லஸ் கார்னர்’ என்கிறோமே, லஸ் என்றால் போர்த்துகீசியத்தில் ஒளி. அந்தப் பெயரைத் தந்த ஒளி மாதா ஆலயத்துக்கு மயிலாப்பூர்க்காரர்கள் வைத்த பெயர் ‘காட்டுக் கோயில்’. கோட்டை ஊருக்கு வெளியே மரங்கள் அடர்ந்திருந்த காலத்தின் மிச்சம் அந்தப் பெயர். மதில் போனாலும், ஊர் எதுவரை, காடு எதுவரை என்று அது இன்னும் காட்டுகிறது.

இன்று சாந்தோம் சந்துகளில் பழைய வீட்டை இடித்து அடுக்குமாடிக்குக் குழி தோண்டுகிறார்கள். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் ஒரே ஒரு நாள், தொல்லியல் தெரிந்த ஒருவர் அந்தக் குழியில் இறங்கி, மண் நிறம் மாறும் இடத்தைப் படம் எடுத்துக்கொள்ள வழி செய்ய வேண்டும்.