கம்பெனிக் கார்டுக்கு யார் காவல்?

கம்பெனி தன் ஊழியரிடம் கொடுக்கும் கிரெடிட் கார்டு, பார்வைக்கு நம் சொந்தக் கார்டு மாதிரியேதான் இருக்கும். ஆனால் அது எந்தக் கடையில் செல்லலாம், எங்கே செல்லக்கூடாது என்பதைக் கம்பெனி முன்கூட்டியே வங்கியிடம் சொல்லிவைக்க முடியும்.

இதைச் சாத்தியமாக்குவது ஒரு நான்கு இலக்க எண். கார்டை ஏற்கும் ஒவ்வொரு வியாபாரிக்கும் தொழிலுக்கேற்ப அது தரப்படுகிறது. உணவகத்துக்கு 5812, நகைக்கடைக்கு 5944, சூதாட்டத்துக்கு 7995. ஸ்வைப் மெஷினில் கார்டைச் செருகியதும் தொகையோடு இந்த எண்ணும் கார்டு வழங்கிய வங்கிக்குப் போகிறது. ஊர் ஊராகச் செல்லும் விற்பனைப் பிரதிநிதிக்கு விடுதி, சாப்பாடு, பெட்ரோல் மட்டும் என்று வரம்பு கட்டியிருந்தால், நகைக்கடையில் அந்தக் கார்டு சில நொடிகளில் மறுக்கப்பட்டுவிடும். ஒரு பில்லுக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்ற கணக்கும் அங்கேயே பார்க்கப்படுகிறது.

அருமையான ஏற்பாடு. ஆனாலும் அந்த எண்ணுக்குக் கடை தெரியுமே தவிர, பையில் விழுந்த சாமான் தெரியாது. சூப்பர் மார்க்கெட்டில் ஆபீசுக்குக் காப்பித்தூள் வாங்கினாலும் வீட்டுக்கு மளிகை வாங்கினாலும் அதே 5411. ஒரு பில்லுக்குப் பத்தாயிரம்தான் என்றால், பதினெட்டாயிரத்தை இரண்டு பில்லாக உடைத்துத் தேய்ப்பவரையும் அது விட்டுவிடும். ஒரே கடை, ஒரே நாள், அடுத்தடுத்து இரண்டு பில் என்பதைக் கணக்குப் பிரிவில் ஒருவர் உட்கார்ந்து பார்த்தால்தான் பிடிபடும். அப்படிப் பார்ப்பவர் கார்டு வைத்திருப்பவருக்குக் கீழே வேலை செய்பவராக இருக்கவே கூடாது. மேலதிகாரியிடம் "இது எதற்கு சார்?" என்று கேட்க எத்தனை குமாஸ்தாக்களுக்குத் துணிவு வரும்?

மேலிடத்தில் இருப்பவர்களும் தவறுவதுண்டு. 1995இல் ஸ்வீடனின் துணைப் பிரதமர் மோனா சாலின், அரசு கொடுத்த கார்டில் சொந்தப் பொருள்கள் வாங்கியது வெளியே வந்தது. டோப்லெரோன் சாக்லேட்டும் அதில் அடக்கம். அடுத்த பிரதமர் என்று பேசப்பட்டவர், பணத்தைத் திருப்பிக் கட்டியும் அந்தப் போட்டியிலிருந்து விலக நேர்ந்தது.

ஒவ்வொரு செலவுக்கும் பில்லைச் சரிபார்க்க நம் நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. மெஷின் துப்பும் சீட்டு பில் ஆகாது. கம்பெனியின் ஜிஎஸ்டி எண் போட்ட வரி பில் இல்லாவிட்டால், கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள முடியாது.

உங்கள் கையில் கம்பெனிக் கார்டு இருந்தால், கடையை விட்டு இறங்குமுன் அந்த பில்லைக் கேட்டு வாங்கிவிடுங்கள். "அப்புறம் கட்டிவிடலாம்" என்று சொந்தச் செலவுக்கு அந்தக் கார்டை ஒருமுறைகூட நீட்டாதீர்கள்.