பெருந்தளங்களும் அரசின் சட்டமும்

தோட்டத்து எல்லைக்குள் துரையின் சொல்லே சட்டமாயிருந்த காலத்தை நம் முன்னோர் அறிவர். கடன் இவ்வளவென்று குறித்துத் தரும் ‘துண்டு’ இன்றித் தொழிலாளி வேறு தோட்டம் புகுதல் அரிது. அம்முறையை 1921 ஆம் ஆண்டின் சட்டமே ஒழித்தது. தனியார் அதிகாரம் அளவின்றிப் பெருகுமிடத்து அரசு தலையிடுதல் வேண்டும் என்பதற்கு மலையக வரலாறே சான்று.

இன்று முகநூல், வாட்ஸ்அப், யூடியூப் முதலிய பெருந்தளங்கள் அத்தகைய தோட்டங்களை ஒப்பன. அவற்றின் விதிகளை வகுத்தோர் கடல் கடந்து வாழ்கின்றனர். மக்களை நெடுநேரம் நிறுத்தி விளம்பரம் காட்டுவதே முகநூல், யூடியூப் போன்றவற்றின் பெருவருவாய். சினமும் அச்சமும் ஊட்டும் செய்தி அதற்குப் பெரிதும் உதவுகின்றது.

இதன் விளைவை 2018 மார்ச்சில், கண்டி மாவட்டத்துத் திகன முதலிய இடங்களில் நிகழ்ந்த கலவரத்தின்போது கண்டோம். முஸ்லிம் மக்களுக்கெதிராகச் சிங்களத்தில் எழுதப்பட்ட பகைமொழிகள் முகநூலிற் பரந்தன. அம்மொழியறிந்து அவற்றை நீக்குவோர் அந்நிறுவனத்திற் போதிய தொகையினர் இருந்திலர். 2020 இல் அந்நிறுவனம் மன்னிப்புக் கோரியது. அரசோ, அன்று தளங்களையே சில நாள் முடக்கியது. அம்முடக்கம் குற்றமற்றோரையும் வருத்திற்று. வெளிநாட்டில் வீட்டுப் பணி புரியும் தாயின் குரல் லயத்திலிருந்த பிள்ளைக்கு எட்டாது போயிற்று.

பின்னர் 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. ஜனவரி 24 இல் பாராளுமன்றத்தில் ஆதரவாக 108 வாக்குகளும் எதிராக 62 வாக்குகளும் விழுந்தன. அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்துடன் ஜனாதிபதி நியமிக்கும் ஐவர் ஆணைக்குழு, பொய்க்கூற்றை நீக்குமாறு பணிக்கலாம். பொய் யாதென்பதை இவ்வைவர் முடிவு செய்யின், குறைகூறும் எளியோர் வாய் அடைபடாதோ எனப் பத்திரிகையாளர் பலர் அஞ்சினர்.

ஐரோப்பிய ஒன்றியம் 2022 இல் இயற்றிய சட்டம் வேறு வழி சென்றது. அங்கு 4.5 கோடிப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ பயன்படுத்தும் தளங்கள், தம்மால் விளையக்கூடிய தீங்கை ஆண்டுதோறும் தாமே ஆராய்ந்து, வெளியார் தணிக்கைக்கும் உட்பட வேண்டும்; தவறின் உலக வருவாயில் 6 சதவீதம் வரை தண்டம். தனியொருவரின் சொல்லினும் தளத்தின் நடைமுறையையே அச்சட்டம் முதன்மையாக நோக்குகின்றது. இவ்வழியே நமக்கும் ஏற்றதென்பது எம் கருத்து.

துண்டை ஒழித்ததும் சட்டமே. 1948 இல் நம்மவருக்குக் குடியுரிமை மறுத்ததும் சட்டமே. ஆதலின் சட்டம் வேண்டும். அச்சட்டத்தைக் கண்காணிக்கும் நீதிமன்றமும் விழிப்புள்ள குடிமக்களும் உடன் வேண்டும். மாணவர்காள்! பெற்ற செய்தியைப் பிறர்க்கு அனுப்புமுன் ஒருகணம் மெய்யோ என ஆராயுங்கள். அவ்வொழுக்கத்தை எச்சட்டமும் நமக்காகச் செய்து தராது.